நோட்டுப் புத்தகத்தில் இருந்த முகவரி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். நான் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரம் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது, நான் தொலைத்த கதை ஒன்றுதான். அதையே சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் சேலம் ஐந்து ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்நூல்களை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாம் நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய சங்க நூல்கள் திரையில் வந்து நின்றன! சென்டர் கம்ப்யூட்டரில் புக்மார்க் வைத்தால் அடுத்த ஆள் அழித்துவிடுவான். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் முகவரிகளை எழுதி வைத்தேன். சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு நோட்டு பரணுக்குப் போய்விட்டது. இலக்கியம், கோழி நோய், முட்டை விலை, மகள் படிப்பு என்று தொள்ளாயிரம் புக்மார்க் சேர்ந்தது.

2014-இல் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ரிப்பேர்க்காரத் தம்பி நல்லவன்தான். "அழிச்சுப் போடணுங்க, ஏதாச்சும் காப்பி எடுக்கோணுமா?" என்று கேட்டான். போட்டோவும் கணக்கும் போதும் என்றேன். புக்மார்க் பிரவுசருக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கிறது என்பதும், அதையும் தனியே எடுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷச் சேகரிப்பு ஒரே மத்தியானத்தில் போயிற்று.

அதில் ஒரு பக்கத்துக்காகத்தான் நான் அழுதேன். நம் விடுதித் தோழன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, நம் விடுதி வாழ்க்கையைப் பற்றி ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் எழுதியிருந்தான். அந்தத் தளத்தை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. நண்பன் 2011-இல் காலமானான். பக்கம் போனது, இப்போது அதன் முகவரியும் போனது.

பரணில் தேடி அந்த நோட்டை எடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் திறக்கவில்லை. மதுரைத் திட்டமே தமிழ்.நெட் தளத்திலிருந்து தனி வீடு மாறியிருந்தது. நண்பனின் முகவரியும் இருந்தது. ஜியோசிட்டீஸ் முகவரி பேட்டைப் பெயரும் கதவு எண்ணும் போல இருக்கும். ஒரு எண் தப்பினால் வேறு யார் வீட்டுக்கோ போய்விடுவோம். சான்பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், உலகத்து வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கிறது. அவர்களுடைய வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்தேன். வந்தது! பழைய திஸ்கி எழுத்து என்பதால் முதலில் கோழி கிளறிய மாதிரி தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றியதும் அவன் குரலே கேட்டது.

மாணவர்களே, நீங்கள் "எல்லாம் சிங்க் ஆகுதுங்க சார்" என்பீர்கள். சிங்க் என்பது காப்பு அல்ல. போனில் தவறி அழித்தால் லேப்டாப்பிலும் அழியும். குரோமோ பயர்பாக்ஸோ, கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பட்டியல் திறக்கும். 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஒரே கோப்பாக வரும். அதைப் பென்டிரைவில் ஒன்று, உங்கள் மெயிலுக்கே ஒன்று என்று போட்டு வையுங்கள். நான் மாதம் ஒருமுறை, சம்பளப் பட்டுவாடா அன்றைக்குச் செய்கிறேன். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயர் இருக்கும். அந்தப் பிரவுசர் 2008-இலேயே நின்றுவிட்டது. அது வகுத்த முறையில்தான் இன்றும் எல்லாரும் எழுதுகிறார்கள்.

ஆனால் புக்மார்க் வெறும் முகவரிதான். செவ்வாய்ப்பேட்டை மண்டியின் விலாசம் கையில் இருப்பதால் மூட்டை நம் வீட்டில் இருக்கிறது என்று ஆகுமா? மனசுக்கு வேண்டிய பக்கம் என்றால் பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள். வேபேக் மெஷினிலேயே 'சேவ்' செய்யும் வசதியும் உண்டு, காசு கிடையாது.

நண்பனின் கட்டுரையை அச்செடுத்து வெளியே மேசைமேல் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, இரண்டு வரி படித்தாலே யாரென்று தெரிந்துவிடும். அதில் ஆறு படங்கள் இருந்தன, இரண்டுதான் மீண்டது. மெஸ் வாசலில் எடுத்த குரூப் போட்டோ உங்களில் யாரிடமாவது இருந்தால் இன்று மாலைக்குள் என்னிடம் சொல்லுங்கள்.