தொழிற்சாலைக்குள் சென்ற குருமார்

ஐரோப்பாவிலிருந்து பாதிரிமார் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சமயப் பணி செய்யப் போனதை நாம் அறிவோம். அந்த ஐரோப்பாவிலேயே அத்தகைய பணி தேவைப்பட்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

1943-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் குருமார் கொதேன், தானியேல் என்ற இருவர் ஒரு நூல் வெளியிட்டார்கள். பாரிஸ் நகரத்துத் தொழிலாளர்களுக்குக் கோவில் அந்நியமாகிவிட்டது என்று அதில் எழுதினார்கள். கோவில் என்பது வசதி படைத்தவர்களின் இடம் என்று அத்தொழிலாளர்களில் பலர் எண்ணினார்கள்.

பாரிஸ் பேராயர் கர்தினால் சுஹார் இதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. அவருடைய ஆதரவோடு சில குருமார் நீண்ட அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஆலைகளில் கூலி வேலைக்குச் சேர்ந்தார்கள். மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் உண்டு. நாளடைவில் ஏறத்தாழ நூறு பேர் ஆனார்கள். சிலர் தொழிற்சங்கத்தில் சேர்ந்து வேலைநிறுத்தத்திலும் நின்றார்கள்.

இவர்கள் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று ரோமாபுரி அஞ்சியது. முழுநேர ஆலை வேலையை விடும்படி 1954-இல் கட்டளை வந்தது. பலர் கண்ணீரோடு பணிந்தார்கள். பலரோ உடன் உழைத்தவர்களைக் கைவிட மனமின்றி அங்கேயே தங்கிவிட்டார்கள். 1965-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் பதினோர் ஆண்டுகள் போய்விட்டன.

நேயர்களே, உழைப்பவனின் களைப்பு உடன் உழைப்பவனுக்குத்தான் தெரியும். எந்தச் சமயமானாலும், எந்தச் சங்கமானாலும், மக்கள் வரவில்லையே என்று குறைகூறும் முன், நாம் அவர்களிடம் போனோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.