தாய்வீட்டில் பிறந்த பிள்ளையின் சான்றிதழ்

பிறப்பும் இறப்பும் எந்த ஊரில் நிகழ்கின்றனவோ அந்த ஊரில்தான் பதிவாகும். குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வகுத்த விதி இது.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகும் தமிழ்நாட்டில் இந்த விதி தந்த அலைச்சல் கொஞ்சமல்ல. குடும்பம் திருப்பூரில் இருக்கும். குழந்தை மதுரையில் பிறந்திருக்கும். பதிவேடு மதுரை மாநகராட்சியில் இருக்கும். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் இல்லையென்றால், தகப்பன் ஒருநாள் சம்பளத்தை விட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவார். தடித்த பேரேட்டைப் புரட்டித் தேதியைத் தேடி, எழுத்தர் கையால் எழுதி முத்திரை குத்தித் தரும்வரை காத்திருப்பார்.

பதிவு இணையத்துக்கு வந்ததும் அந்தப் பயணம் நின்றது. பிரசவம் நடந்த மருத்துவமனை விவரத்தைக் கணினியில் ஏற்றுகிறது, பதிவாளர் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார், கியூ.ஆர். குறியீட்டுடன் சான்றிதழ் உருவாகிறது. திருப்பூர் வீட்டிலிருந்தே அதைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். கணினியில் ஏறாத பழைய பதிவுகளுக்கு மட்டும் இன்னும் அலுவலகப் படி ஏறத்தான் வேண்டும்.

மனத்தில் வைக்க வேண்டிய கெடுக்கள் சில. பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணை இல்லாமல் பதிவு நடக்காது. பெயர் வைக்காத குழந்தையையும் பதிவு செய்யலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் சேர்க்கலாம்.

இணையம் தானாகத் திருத்திவிடாத ஒன்று உண்டு: எழுத்துப் பிழை. தகப்பன் ஆதாரில் ‘முத்துக்குமார்’. மருத்துவமனைப் பதிவில் ஒரு ‘க்’ விடுபட்டு ‘முத்துகுமார்’. அன்று யாரும் கவனிக்காத அந்தப் பிழை, பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் தடையாக வந்து நிற்கும். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் சொல்வதால், அந்த ஓர் எழுத்தின் கனம் இன்னும் கூடியிருக்கிறது.

ஆகவே, குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன், பதிவுக்குத் தந்த விவரத்தைத் தாயும் தகப்பனும் ஒருமுறை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிடுவது நல்லது.