வச்சிரமும் கண்ணாடியும்

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையிற் கச்சான் வீசும். தென்மேற்பருவக் காற்றானது தன்னிடமுள்ள நீரையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் சொரிந்துவிட்டுக் கிழக்கே இறங்கும்போது, வெம்மையும் வறட்சியும் உடையதாகி விடுகின்றது. அதுவே கச்சான். நிலக்கடலைக்கும் இலங்கைத் தமிழர் இப்பெயரையே வழங்குவர். அது வேறு கதை. துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் அந்நாட்களிற் கொடியிலிட்ட துணி கண்மூடித் திறப்பதற்குள் உலர்ந்துவிடும், மரக்கதவுகள் சுருங்கி இடுக்கு விடும், உதடுகள் வெடிக்கும். காற்றை வைதுகொண்டே மக்கள் அம்மாதங்களைக் கழிப்பர்.

அவ்வாறு வையப்படும் காற்றை வரவேற்கக்கூடிய கைத்தொழில் ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டின்மேல் வச்சிரத்தைப் பூசி, அவ்வச்சிரத்தைக் கொண்டே கண்ணாடியின் மேற்பரப்பைச் சிறுசிறு செதிள்களாகப் பெயர்த்தெடுத்து, அழகிய கோலம் உண்டாக்குவது அத்தொழில். தூரிகை தீட்டாத, உளி செதுக்காத கோலம் அது. பன்னத்தின் இலைகளைப் போலவும், சிப்பியின் வரிகளைப் போலவும், குளிர்நாடுகளிற் பனி உறைந்த யன்னலைப் போலவும் அது தோன்றும். ஒளி உள்ளே வரும். ஆனால் தெருவிற் போவார் கண் உள்ளே வராது.

இத்தொழில் கீழைநாட்டிற் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலே பெருவழக்குப் பெற்று, வீட்டுக் கதவுகளிலும், வங்கி யன்னல்களிலும், பொன்ரேக்கு ஒட்டிய பெயர்ப்பலகைகளிலும் இடம்பிடித்தது. அதற்கு வழி திறந்துவிட்டது வேறொரு கண்டுபிடிப்பு. பெஞ்சமின் சூ தில்மன் என்ற அமெரிக்கர், அமுக்கிய காற்றினாலோ நீராவியினாலோ மணலை வீசி அடித்துக் கடினமான பொருள்களையும் தேய்க்கும் முறைக்கு 1870ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். பாலைவனக் காற்றோடு வந்த மணல் யன்னற் கண்ணாடிகளை மங்கச் செய்திருப்பதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என்று சொல்வதுண்டு. வழவழப்பான கண்ணாடியில் வச்சிரம் சீராகப் பற்றுவதில்லை. மணலடித்துச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியிலோ அது வேர்விட்டாற்போற் பற்றிக்கொள்ளும்.

வச்சிரம் எதுவென்பதை முதியோருக்குச் சொல்லவேண்டியதில்லை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையே அது. முன்னாளில் தச்சுப் பட்டறை எதிலும் அதன் நாற்றம் வீசிக்கொண்டிருக்கும். இப்போது தச்சர்கள் போத்தலில் வரும் வெள்ளைப் பசையையே கையாளுகின்றனர். மரத்துக்கு அது போதும். கண்ணாடிக்கு அது உதவாது. வெள்ளைப் பசை உலர்ந்த பின்னும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். வச்சிரமோ நெகிழாது, நீர் வற்ற வற்றச் சுருங்கி, பற்றியதை விடாமல் இழுக்கும். அந்தப் பிடிவாதமே இங்கு வேண்டப்படுவது.

வேலை நடக்கும் விதம் இது. கோலம் வேண்டாத இடங்களை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு, மீதிப் பரப்பில் மணலடிப்பர். வச்சிர மணிகளை, எடைக்கு எடை ஒன்றரை முதல் இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, அவை பொருமியபின், சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் இட்டு உருக்குவர். வெப்பம் 60 பாகை சென்ரிகிறேட்டைச் சுற்றியே நிற்கவேண்டும். கொதிக்கவிட்டால் வச்சிரத்தின் வலிமை கெட்டுவிடும். தேன்பதமான அப்பசையைக் கிடையாக வைத்த கண்ணாடியின்மேல் ஒரே கனமாகப் பூசி, முதலில் அது பாகுபோல் உறைய விடுவர். பின்னர் ஏறத்தாழ ஒரு நாள் மெல்ல உலரவிட்டு, ஈற்றில் வெம்மையான வறண்ட காற்றிலே வைப்பர்.

அப்போது சத்தம் கேட்கத் தொடங்கும். எண்ணெயிற் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். சுருங்கும் வச்சிரம் கண்ணாடியைப் பற்றி இழுக்க, மணல் உண்டாக்கிய நுண்ணிய கீறல்களிலிருந்து வெடிப்புகள் புறப்பட்டு, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அதற்கு இணையாக ஓடி, வளைந்து வெளியே வரும். சங்கின் உட்புறத்தைப் போன்ற குழிவோடு செதிள் கழன்று துள்ளும். அதன் முதுகில் வச்சிரமும் வயிற்றிற் கண்ணாடியும் இருக்கும். முகத்துக்குக் கண்காப்பின்றி அவ்விடத்தில் நிற்பது பேதைமை.

கண்ணாடியைப் பசை வெல்வது எவ்வாறு? 1920ஆம் ஆண்டில் கிறிபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்து இதற்கு விடை தந்தார். கண்ணாடியின் உண்மையான வலிமை, அதன் அணுக்கட்டமைப்பைக் கொண்டு எதிர்பார்க்கக்கூடிய வலிமையில் மிகச் சிறு பங்கே. மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத கீறல்களே அதற்குக் காரணம். அமுக்கினாற் கீறல் மூடிக்கொள்ளும். இழுத்தால் வாய் திறக்கும். வச்சிரம் செய்வது இழுப்பது.

மெல்லிய தகட்டில் இவ்வேலை ஆபத்தாவது இதனாலேதான். வச்சிரம் ஒரு முகத்தில் மாத்திரம் பூசப்படுகின்றது. அது சுருங்கும்போது, செதிள்கள் கழலுமுன்னரே தகடு முழுவதும் வச்சிரப் பக்கமாகக் குழிந்து வளையும். அவ்வாறு வளையும் தகட்டின் முதுகு இழுவைக்கு உட்படுகின்றது. ஒருவரும் தொடாத அந்த முதுகிலே பழைய கீறல் ஒன்று இருந்தாலும், வைரக்கூரால் வெட்டிய ஓரத்திலே பல்லுப்போன்ற முறிவு இருந்தாலும், வெடிப்பு அங்கிருந்து புறப்பட்டுத் தகட்டைக் குறுக்கே பிளந்துவிடும். ஒரே அளவு வச்சிரத்துக்கு, 3 மில்லிமீற்றர்த் தகடு 6 மில்லிமீற்றர்த் தகட்டைப் போல நான்கு மடங்கு வளைவு கொள்ளும். எனவே மெல்லிய தகட்டை எடுப்பவர் வச்சிரத்தை மெல்லிதாகப் பூசவேண்டும். ஓரங்களைத் தேய்த்து மழுக்கவேண்டும். முதுகை வெளிச்சத்திற் பிடித்து ஆராயவேண்டும். வச்சிரத்தை மெல்லிதாக்கினாற் கோலமும் ஆழம் குன்றிச் சிறுக்கும். விலை குறைந்த தகட்டில் விலையுயர்ந்த தகட்டின் கோலத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. சூடேற்றி வன்மைப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியிலோ இதனை முயலவே கூடாது. செதிள் சற்று ஆழ்ந்து சென்றால் தகடு முழுவதும் பொடியாய் உதிர்ந்துவிடும்.

இனிக் காற்றின் செய்தி. ஈரப்பதன் நூற்றுக்கு 50க்குக் கீழே இருந்தால் வச்சிரம் நன்கு கழலும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது தோல்போல் நெகிழ்ந்து கிடக்கும். சில நாளிற் பூஞ்சணமும் பிடிக்கும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு மழை பெய்யும் லிங்கநகரிலே, அடைத்த அறையும் வெப்பமூட்டும் சாதனமும் இன்றி இத்தொழிலை நடத்தவியலாது. கச்சான் காலத்திலோ, கடற்காற்று எழாத பிற்பகல்களில், பிற நாட்டார் பணம் செலவிட்டுப் பெறும் வறண்ட வெம்மையை ஊரே இலவசமாகத் தருகின்றது. ஆயினும் நேர்வெயிலில் வைப்பது தவறு. மேலே ஆடைகட்டி உள்ளே ஈரம் நின்றுவிட்டால், ஓரிடத்திற் கழன்றும் மற்றோரிடத்தில் ஒட்டியும் கோலம் அலங்கோலமாகும்.

இங்கே பெரிய ஆபத்து ஒன்றையும் கூறவேண்டும். காற்றையும் வெயிலையும் போலவே மணலும் கரையோரத்தில் இலவசமாகக் கிடைப்பது. அம்மணலைக் கொண்டு கண்ணாடியை அடிக்கத் தோன்றுதல் இயல்பு. படிகக்கல் மணல் உடைந்து எழும் நுண்துகள் நுரையீரலிற் படிந்து, மீளாத நோயை உண்டாக்கும். சிலிக்கோசிசு என்பது அதன் பெயர். அத்துகள் கண்ணுக்குத் தெரியாது. நோயும் உடனே தெரியாது. பல ஆண்டுகள் சென்றபின் மூச்சு முட்டும்போதே தெரியவரும். வார்ப்பு முதலிய பொருள்களுக்கு இம்மணலை அடிப்பதை 1949ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளினால் பிரித்தானியா தடுத்துவிட்டது. அலுமினிய ஒட்சைட்டு, சிலிக்கன் காபைட்டு ஆகியவற்றின் துகளே தகுந்தது; அதுவும் மூடிய பெட்டிக்குள், தூசு உறிஞ்சும் அமைப்போடு. கோலம் போட்ட யன்னலொன்றுக்காக ஒருவன் தன் மூச்சைக் கொடுக்கவேண்டியதில்லை.

கழன்று முடிந்த தகட்டை நீரிற் கழுவி, எஞ்சிய வச்சிரத்தை நீக்கியபின், அதனை எங்கே பொருத்துவது என்ற கேள்வி எழும். துறைமுகத்தை நோக்கிய யன்னலில் என்றுதான் ஆசை சொல்லும். ஆனால் திருகோணமலைக் கரை புயலை அறியாத கரையன்று. 1964 மார்கழியிலும் 2000 மார்கழியிலும் அப்பகுதியைப் புயல்கள் தாக்கின. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. செதிள் பெயர்ந்த முகத்தை வெளிப்புறமாக வைத்தால், கடலின் உவர்நீர்த்துளியும் புழுதியும் குழிகளிற் படிந்து கோலத்தை அழுக்காக்கும். உட்புறமாக வைத்தால், காற்று வெளியிலிருந்து அழுத்தும்போது அந்த நலிந்த முகமே இழுவைக்கு உட்படும். 3 மில்லிமீற்றர்த் தகட்டுக்கு இவ்விரண்டும் ஆகா. யன்னலுக்கு 6 மில்லிமீற்றர் வேண்டும். அப்போதும் சிறு சட்டங்களாகப் பிரித்துப் பொருத்துவதே தக்கது. மெல்லிய தகட்டுக்கு வீட்டினுள்ளே இடம் உண்டு. அலுமாரிக் கதவிலும், சுவாமி அறையின் தட்டியிலும் அது பல்லாண்டு இருக்கும். பின்னால் ஏற்றிய குத்துவிளக்கின் சுடர் ஒவ்வொரு குழிவிலும் தனித்தனியே தெரியும்.