அந்தப் பத்துப் பேர்

இந்த வெயிலில் அங்கியோடு அமர்ந்திருக்கும் பட்டதாரிகளே!

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சற்று நேரத்தில் பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் என்பது மரபு. உச்சியில் போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய கோயில் இருக்கிறது. அவருக்கு நாம் கொடுத்த பட்டம் 'சந்தேகத் தோமா'. நல்லவேளை, இன்று உங்களுக்குக் கிடைப்பது வேறு பட்டம்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு வந்த மாலையில் தோமா இல்லை. மற்றப் பத்துச் சீடர்கள் சொன்னதை அவர் நம்பவுமில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து, கதவடைத்த அறையில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். நம்பாதவரை அந்தப் பத்துப் பேர் வெளியே அனுப்பவில்லை. அனுப்ப அவர்களுக்கு ஏது முகம்? கெத்செமனேயில் ஓட்டம் பிடித்தவர்கள்தானே! அதிலும் பேதுரு, கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே ஆண்டவரை மறுதலித்தவர். நான்கு நற்செய்திகளும் இந்த மறுதலிப்பைச் சொல்கின்றன. தலைவரின் அவமானத்தைச் சபையே வாசித்து வந்திருக்கிறது. நம் சபை ஆண்டறிக்கைகளில் அப்படியொரு பக்கத்தை யாராவது பார்த்ததுண்டா?

அந்தப் பக்கத்தை எழுதத் துணிந்தால் வடக்கன்குளத்தை விட முடியாது. நெல்லைச் சீமையின் அந்த ஊரில் 1870-களில் எழும்பிய திருக்குடும்ப ஆலயம், மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு. வேளாளருக்கு ஒன்று, நாடார் முதலானவர்களுக்கு மற்றொன்று, இடையில் சுவர். இரு பக்கத்தாருக்கும் குருவானவர் தெரிவார். சுவருக்கு அப்பால் இருக்கும் சொந்த ஊர்க்காரன் தெரியமாட்டான். சாதியை மதம் மாற்ற முடியாமல் கட்டடத்தை மாற்றிக்கொண்டார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. தனியிடம் கேட்டவர்கள் தோற்றார்கள்.

தோமாவைத் தங்களோடு வைத்துக்கொண்டவர்கள், தாங்களும் தவறியவர்கள் என்பதை மறக்காதவர்கள். சுவர் எழுப்பியவர்களுக்கு அந்த ஞாபகம் இல்லை. சீடத்துவத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். இன்றும் சில ஊர்களில் ஒரே சபைக்குக் கல்லறைத் தோட்டம் இரண்டு என்பதால் பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை.

உங்களில் சிலர் சேகரங்களுக்குப் போவீர்கள். சிலர் கணினி நிறுவனங்களுக்கு. எங்கே போனாலும், முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் புதுக் கட்டட நிதியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள் யார் யார், அவர்கள் வீடு எந்தத் தெருவில் என்று அவரிடமே விசாரியுங்கள்.