கோழிக்கும் வேண்டும் ஒரு பானைத் தண்ணீர்



ஃபேன் இல்லாமலே சித்திரை மாதம் தூங்கிய ஊர் இது என்று பெங்களூர்ப் பெரியவர்கள் இன்னும் பெருமை பேசுவார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்தானே, பேசட்டும். ஆனால் 2016 ஏப்ரலில் இதே ஊரில் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரல் கடைசியில் 38.5. நமக்காவது வியர்த்துக் கொட்டி உடம்பு ஆறும். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரண நாளிலேயே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் இறகுப் போர்வை வேறு. அலகைத் திறந்து இரைத்து, வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தப்பிக்க வேண்டும். அந்த ஈரம் எங்கிருந்து வரும்? குடிக்கிற தண்ணீரிலிருந்துதான். அதனால், கோடையில் வீட்டுக் கோழி வளர்ப்பது பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் என் மனம் நேராகத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். மற்றதையெல்லாம் கிடைத்த நேரத்தில் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது யாராவது கூப்பிட்டால், அவர்கள் வீட்டில் கிடக்கிற பழைய சாமானை வைத்தே கோழிக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கிறேன். அவர்கள் வீட்டில் இல்லாததை ஜாலி மொகல்லா பக்கம் பழைய சாமான் கடைகளில் கிளறி எடுத்துவிடுவேன். புதிதாக எதையும் வாங்குவது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்காரம்மாவிடம் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். அது வேறு கதை.

ஒரு பெட்டைக்கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் தண்ணீர் குடித்தால், கடும் வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். ஐந்து கோழி இருந்தால் இரண்டரை லிட்டர். பெரிய கணக்கில்லை. ஆனால் அகலமான சட்டியில் ஊற்றி வைத்தால் என்ன ஆகிறது? ஒன்று அதில் ஏறி நிற்கும், ஒன்று கவிழ்க்கும், இன்னொன்று மண்ணைச் சீய்த்து உள்ளே தள்ளும். மத்தியானம் பார்த்தால் சட்டியில் சேறுதான் மிச்சம். புறாவும் காக்கையும் வந்து குளித்துவிட்டுப் போவதும் உண்டு. அது வெறும் தொல்லையோடு நிற்கிற விஷயமில்லை. 2018 ஜனவரியில் நம் தாசரஹள்ளிப் பக்கமே பறவைக்காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். வெளிப் பறவையும் வீட்டுக் கோழியும் ஒரே சட்டியில் வாய் வைப்பதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இதற்கு என் வைத்தியம், காலியான 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சுடுதண்ணீரும் சீயக்காயும் போட்டுக் கழுவுங்கள். பெயிண்டு, பூச்சிமருந்து, ஆசிட் இருந்த கேனை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். கேனின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பழுக்கக் காய்ச்சிய ஆணி போதும். கேனை வைக்க ஒரு தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு இருக்கிறதே, அது நல்லது. தட்டின் விளிம்பு அந்த ஓட்டையைவிட உயரமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை மேலே, விளிம்பு கீழே என்று வைத்தால் தண்ணீர் முழுவதும் வெளியே ஓடிவிடும். பிறகு ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு கேனை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகித் தட்டில் வையுங்கள்.

விரலை எடுத்ததும் தண்ணீர் தட்டில் இறங்கும். ஓட்டை மூழ்குகிற வரை இறங்கி, சட்டென்று நின்றுவிடும். வால்வு இல்லை, மிதவை இல்லை, கரண்டு இல்லை. காரணம் எளிது: கேனுக்குள் காற்று புகுந்தால்தான் தண்ணீர் வெளியே வர முடியும். ஓட்டையைத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் காற்று எப்படிப் புகும்? கோழி குடிக்கும், மட்டம் இறங்கும், ஓட்டையின் மேல் விளிம்பு தலைகாட்டும், ஒரு குமிழி ‘குளுக்’ என்று உள்ளே போகும், அதற்கு ஈடாகத் தண்ணீர் வெளியே வரும். வெளிக்காற்றின் அழுத்தம் நம் ஊரில் சுமார் ஒன்பது மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும். நம் ஒரு முழக் கேன் அதற்கு எம்மாத்திரம்! மூடியில் வாஷர் தேய்ந்து காற்று கசிந்தால் மட்டும் இந்த வித்தை நடக்காது. அப்போது பழைய சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி மூடிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

மர்ஃபி டவுனில் ஒரு வீடு. நான் செய்து கொடுத்த கேன் பல நாள் ஒழுங்காக இருந்தது. பங்குனி பிறந்ததும் அந்த வீட்டு அம்மாவிடமிருந்து போன். “அண்ணா, உங்க கேன் மத்தியானமானா தானா ஒழுகுது. தரையெல்லாம் தண்ணி. பையன்தான் விளையாடறான்னு ரெண்டு அடி போட்டேன், அவன் பள்ளிக்கூடம் போன அன்னிக்கும் ஒழுகுது!” போய்ப் பார்த்தேன். காலையில் சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பத்து மணிக்குச் சுவரின் நிழல் விலகி, கேன் மேல் வெயில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கோழி எதுவும் பக்கத்தில் இல்லை, தட்டில் மட்டம் ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தாண்டி வழிந்தது.

நேயர்களே, உங்களுக்குப் புரிந்திருக்கும். கேனில் பாதிக்கு மேல் காற்று. வெயிலில் அது சூடாகி விரிகிறது, கூடவே நீராவியும் சேர்கிறது. விரிந்த காற்றுக்கு இடம் வேண்டாமா? தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. 20 லிட்டர் கேன் முக்கால்வாசி காலியாக வெயிலில் நின்று, சூடு 20 டிகிரி கூடினால், ஒரு லிட்டருக்கு மேல் இப்படித் தரைக்குப் போகும். 2024 மார்ச் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டுபோய், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் சொன்ன மாதம் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு லிட்டர் என்பது ஒரு லிட்டர்தான். மருந்து சுலபம்: கேனை நாள் முழுக்க நிழலில் வையுங்கள், காலையில் வழிய வழிய நிரப்புங்கள். காற்று குறைவாக இருந்தால் தள்ளுகிற பலமும் குறைவு. அந்தப் பையனுக்கு நான் சிபாரிசு செய்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கவைத்தேன்.

நிழலில் வைத்தாலும் மத்தியானம் பிளாஸ்டிக் கேன் தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருக்கும். சூடான தண்ணீரைக் கோழி அவ்வளவாகக் குடிக்காது. இங்கேதான் கோணிப்பை வருகிறது. கேனைச் சுற்றி ஈரக் கோணியைக் கட்டுங்கள். மார்ச், ஏப்ரல் மத்தியானங்களில் நம் ஊர்க் காற்று உலர்ந்த காற்று. சென்னையில் ஈரத்துணி சொட்டச் சொட்டத் தொங்கும். இங்கே நீங்கள் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். வெயில் 36 டிகிரி, காற்றில் ஈரம் 25 சதவீதம் என்றால், ஆவியாவதால் மட்டும் 21, 22 டிகிரி வரை குளிர்ச்சி இறங்க இடம் இருக்கிறது. கேன் தண்ணீர் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும். கோணி நனைக்கக் காய்கறி அலசிய தண்ணீரே போதும். வெளிச்சம் படாததால் கேனுக்குள் பாசியும் பிடிக்காது.

இதைவிட அழகு மண்பானை. பாட்டரி டவுனில் பானை வனைகிறவர்கள் நம் தமிழ் ஆட்கள் பலர் உண்டு. ஒரு பெரியவரிடம் சொல்லி, சின்ன வாய் வைத்த பானையும் அதற்கேற்ற தட்டும் வாங்கினேன். வாயின் விளிம்பில் ஒரு காடி வெட்டி, நிரப்பித் தட்டில் கவிழ்த்தால் அதே வித்தை. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஆனால் சாயங்காலமானால் தட்டு வழிந்தது. வெயிலும் இல்லை, விரிசலும் இல்லை. பெரியவரிடமே கொண்டுபோனேன். பானையைத் தட்டிப் பார்த்தார், சத்தம் சுத்தமாக இருந்தது. “தம்பி, பானை நல்ல பானைதான். மேல்பக்கம் காஞ்சு கெடக்கு பாருங்க, அது மூச்சு விடுது” என்றார். அவ்வளவுதான் விஷயம். சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவை ஈரமாக இருக்கிற வரை தண்ணீரே அடைப்பாக நின்று காற்றைத் தடுக்கிறது. தண்ணீர் குறைந்து பானையின் மேல்பாதி காய்ந்ததும் காற்று மெல்லப் புகுந்துவிடுகிறது. தலையில் ஒரு ஈரத்துணி போட்டேன், நின்றது. குளிர்ச்சிக்குப் போடுகிற துணியே காற்றுக்கும் பூட்டு! ஃபிட்டர் வேலையில் எத்தனையோ வாஷர் மாற்றியிருக்கிறேன், ஈரமே வாஷராக நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

சரி, நேரம் ஓடுகிறது. கூண்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். மூன்று பக்கம் வலை, காற்று குறுக்கே ஓட வேண்டும். கூரைத் தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை. 2018 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் கண்டித்த பிறகு ஊரில் ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கழற்றினார்களே, அதில் ஒன்று எனக்கும் கிடைத்தது. வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்கட்டும், வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தலைவர் முகம் கீழே இருக்கட்டும், கோழிகள் ஆட்சேபிப்பதில்லை. கோணியைக் காற்று வருகிற பக்கம் வெளியே தொங்கவிட்டு நனையுங்கள். கூண்டுத் தரையை நனைக்காதீர்கள். தரை ஈரமானால் எச்சம் நாறும், நோய் வரும். பழைய டயரில் மணலும் சாம்பலும் போட்டு நிழலில் வைத்தால் புழுதிக் குளியல் தயார். முட்டையிடப் பழக்கடைப் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு கை வைக்கோலும்.

தீவனத்தை விடிந்ததும் பாதி, வெயில் இறங்கியதும் பாதி கொடுங்கள். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். அது உச்சி வெயிலோடு சேரக்கூடாது. கோடையில் தோல்முட்டை வருகிறது என்று பலர் கேட்கிறீர்கள். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு கட்டச் சரக்குப் போதவில்லை. கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்தால் கொஞ்சம் உதவும். கோழி இரைப்பதைக் குறைத்தால் இன்னும் உதவும்.

என்ன கோழி வளர்க்கலாம் என்பார்கள். நம் ஹெப்பாளிலேயே உருவான கிரிராஜா இருக்கிறது, 1989-இல் வந்தது. பிறகு 2005-இல் ஸ்வர்ணதாரா. நல்ல கோழிகள்தான். ஆனால் உடம்பு கனத்த கோழிக்கு வெயில் அதிகம் உறைக்கும். அதற்குத் தண்ணீரும் நிழலும் ஒரு படி கூடுதலாகப் பாருங்கள். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் தெரியாமல் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வெயிலில் இறக்கையை விரித்துத் துவண்டு விழுந்த கோழியை நிழலுக்குத் தூக்கி, காலைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டிவிட்டார்கள். ஆக, கேன் நிழலில், மூடி இறுக்கமாய், மேலே ஈரத்துணி. மற்றது உங்கள் கெட்டிக்காரத்தனம். நாளைக்கு எண்ணெய்க் கேன் காலியானால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை யோசியுங்கள். இந்தக் கோடையில் உங்கள் வீட்டில் ஒரு கோழிகூட வெயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டும், ஏப்ரல் மழையும் காலத்தோடு வர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.