காரின் முகமும் மக்களின் கருத்தும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, நாப்பது வருஷமா வண்டியோடயே இருந்தவரு நீங்க. பசங்களுக்குப் புரியற மாதிரி காரைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். இஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கம்பெனி ஏராளமாகச் செலவழித்து ஒரு சொகுசுக் காரின் மாதிரியைச் செய்து மேடையில் நிறுத்துகிறது. பார்த்த ஜனங்கள், "நல்லா இல்லையே" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்போது அந்தக் காரை வரைந்தவன் என்ன செய்ய வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி.

இப்படி விற்பனைக்கு வராமல், பார்வைக்கு மட்டும் வைக்கிற மாதிரியைக் கான்செப்ட் கார் என்கிறோம். 1938-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஹார்லி ஏர்ல் என்பவர் 'பியூக் ஒய்-ஜாப்' என்ற காரை உருவாக்கினார். அதைத்தான் முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அவர் தானே ஓட்டிக்கொண்டும் திரிந்தார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா, பார்த்து என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு டிசைனருக்கு எவ்வளவு பெரிய பாடம்! கம்பெனிகள் இந்த வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டும் செய்கின்றன. முழு அளவில் களிமண்ணில் காரைச் செய்து, பெயர்ப் பட்டையை மறைத்து, பொதுமக்களில் சிலரை அழைத்து வந்து காட்டி, கருத்துக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் பத்துப் பேரை அறைக்குள் வைத்துக் கேட்பது வேறு, பத்து லட்சம் பேர் கேட்காமலே சொல்வது வேறு.

"சொகுசுக் காரை வாங்கப் போறவன் ஆயிரத்தில் ஒருத்தன்கூட இல்லை. வாங்காதவன் கருத்து எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு. ஊரிலிருந்து ஊருக்குப் போவதற்கு மட்டும் யாரும் கோடிக்கணக்கில் கொடுப்பதில்லை. தெருவில் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த நாலு பேரின் பார்வையும் விலைக்குள் அடக்கம். அவர்கள் சிரித்துவிட்டால் வாங்கியவருடைய காசு வீண்.

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். 2012 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனி 'இ.எக்ஸ்.பி. 9 எஃப்' என்ற கான்செப்ட் காரைக் காட்டியது. 1919-இல் தொடங்கிய கம்பெனி அது. தாழ்ந்து நீண்ட கார்களுக்குப் பேர்போனது. அது முதன்முறையாக ஜீப் மாதிரி உயரமான ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. 6 லிட்டர், 12 சிலிண்டர் இஞ்சின். 23 அங்குலச் சக்கரம். உள்ளே தோலும் மரமுமாக இழைத்திருந்தார்கள். ஆனால் வெளித்தோற்றத்தைப் பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெரிய வட்ட ஹெட்லைட்டும் கனத்த முகப்பும் கேலிக்கு ஆளாயின. பத்திரிகைக்காரர்கள், பென்ட்லி ரசிகர்கள், காரே வாங்காதவர்கள் என்று யாரும் விட்டுவைக்கவில்லை.

அந்தக் கூச்சலுக்குள் இரண்டு குரல்கள் கலந்திருந்தன. "இந்த முகம் சரியில்லை" என்பது ஒன்று. "பென்ட்லி இப்படி ஒரு வண்டியே செய்யக்கூடாது" என்பது இன்னொன்று. கம்பெனி முதல் குரலைக் கேட்டது, இரண்டாவதைக் கேட்கவில்லை. 2013 ஜூலையில், "இந்த வண்டியைச் செய்யத்தான் போகிறோம்" என்று அறிவித்தார்கள். முகத்தை மட்டும் மறுபடியும் வரையப் போனார்கள். 2015 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் 'பென்டேகா' என்ற பெயரில் கார் வந்தது. கனேரித் தீவுகளில் உள்ள ஒரு பாறையின் பெயர் அது. வட்ட ஹெட்லைட் இருந்தது, பெரிய வலைக் கிரில் இருந்தது, பின்சக்கரத்தின் மேல் புடைத்த இடுப்பும் இருந்தது. அளவு மாறியது, இடம் மாறியது, ஒன்றுக்கொன்று இருந்த உறவு மாறியது. பழைய கேலி அதோடு குறைந்தது. 2020-க்குள் 20,000 பென்டேகாக்கள் க்ரூ நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன. செய்யவே கூடாது என்று சொன்ன அந்த வண்டிதான் பிறகு அந்தக் கம்பெனியில் அதிகம் விற்கும் கார் ஆனது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து நான் சேர்ந்தது பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில். 1987 என்று நினைவு. புது மாடல் முன்முகப்பு வரையும் வேலை எனக்கு வந்தது. வயசு இருபத்தைந்து. ராத்திரி பகலாக வரைந்தேன். முதல் வண்டி வெளியே வந்து நின்றபோது அங்கே இருந்த ஒரு வயசான டிரைவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னா சார், வண்டி அழுவுற மாதிரி இருக்குதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். "உங்களுக்கு ஓட்டத்தானே தெரியும், வரையத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வண்டியை எடுத்தவர் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி ஒரே ஒரு பஸ் ஓட்டப் போனவர். ரூட்டில் விட்ட பத்து நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு 'அழுமூஞ்சி பஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் பட்டறைக்கு வந்து, "பளபளப்பா நாலு பட்டை அடிச்சுக் குடுங்க தம்பி, சரியாப் போயிடும்" என்று கெஞ்சினார். நானும் அலுமினிய பீடிங் வைத்து அடித்துக் கொடுத்தேன். இப்போது அழுமூஞ்சிக்கு நகை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை அவர் வந்தபோது எங்கள் டிங்கர் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், கண்ணுக்கு மேல போற கோடு ரெண்டு பக்கமும் கீழ எறங்குது பாருங்க. அதான் அழுவுது" என்றார். கோட்டை நேராக்கி, ஹெட்லைட்டை இரண்டு அங்குலம் வெளியே தள்ளினோம். முடிந்தது வேலை. நகையெல்லாம் கழற்றிப் போட்டோம்.

டிரைவர் முதல் நாளே சொன்னது அதைத்தான். வலிக்கிற இடத்தை அவர் சரியாகத் தொட்டுக் காட்டினார். மருந்து என்ன என்று அவர் சொல்லவில்லை, அது அவர் வேலையும் இல்லை. முதலாளி மருந்தைச் சொன்னார், அது தப்பான மருந்து. இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான். கர்வத்தில் முதலாவதைத் தள்ளினேன், பயத்தில் இரண்டாவதைக் கேட்டேன். இடையில் அந்த மனிதருக்கு ஓட்டம் போன நாட்களுக்கு வட்டி கட்டியது யார்? அவரேதான். பட்டறையில் திருத்திக் கொடுத்த கூலியைக்கூட அவரிடம் வாங்கினோம். நான் தடுக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஜனங்க சொன்னா உடனே மாத்திடணும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1999-இல் 'இசட் 9' என்ற கான்செப்ட் காரைக் காட்டி, தன் புதுப் பாணிக்கு முன்னோட்டம் விட்டது. 2001-இல் புதிய 7-ஆம் வரிசைக் கார் வந்தது. டிக்கி மூடி தனியாக மேலே தூக்கி வைத்தது போல் இருந்தது. அவ்வளவுதான், வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளின் பெயரையே அந்த டிக்கிக்குக் கேலிப் பெயராக வைத்தார்கள். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி அசையவில்லை. அந்தக் கார் அதற்கு முந்தைய 7-ஆம் வரிசைக் கார்களைவிட அதிகம் விற்றது. பேங்கிள் 2009 வரை அங்கேயே இருந்தார். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2005-இல் அதே காரைப் புதுப்பித்தபோது, டிக்கியையும் விளக்குகளையும் சத்தமில்லாமல் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். காது அடைத்திருக்கவில்லை.

முதலில் பிடிக்காதது பிறகு ஏன் பிடிக்கிறது? ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1968-இல் இதுபற்றி ஆராய்ந்து எழுதினார். அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் சிலருக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகத் தடவை பார்த்ததே அவர்களுக்கு அதிகம் பிடித்தது. புது மருமகளை முதல் மாதம் குறை சொல்லும் வீடு, ஆறு மாதம் கழித்து "அவ இல்லாம ஓடாது" என்று சொல்வதில்லையா? அப்படித்தான். அதனால் முதல் நாள் சுளிப்பை மட்டும் வைத்து முடிவு எடுக்கக்கூடாது. பழகாததால் வந்த சுளிப்பு நாளாக ஆகக் குறையும். கோடு தப்பாக இருப்பதால் வந்த சுளிப்பு நாளாக ஆகக் கூடும். எங்கள் அழுமூஞ்சி பஸ் இரண்டாவது வகை.

அண்மைக் கதை ஒன்று. 2024 நவம்பரில் ஜாகுவார் கம்பெனி ஒரு விளம்பரப் படம் விட்டது. அதில் வண்ண வண்ண உடையில் ஆட்கள் வந்தார்கள், கார் வரவில்லை. "நீங்க கார் விக்கிறீங்களா?" என்று எலான் மஸ்க் கேட்டதும் உலகமே சிரித்தது. டிசம்பர் தொடக்கத்தில் மயாமியில் 'டைப் ஜீரோ ஜீரோ' என்ற மின்சாரக் கான்செப்ட் காரைக் காட்டினார்கள். ஒன்று ரோஸ், ஒன்று நீலம். நீண்ட பானெட், பின்பக்கம் கண்ணாடியே கிடையாது. "இது ஜாகுவாரா?" என்று ஒரு கூட்டம் கொதித்தது, "துணிச்சல்" என்று இன்னொரு கூட்டம் மெச்சியது. 1961-இல் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் வந்தபோது கண்காட்சியே மயங்கி நின்றது. அந்த நினைவோடு பார்த்தவர்களுக்கு இது தாங்கவில்லை.

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-இல் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது நம் டாட்டா மோட்டார்ஸ். 2024 செப்டம்பரில் நம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாட்டா தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே செய்வதாக அப்போது திட்டமிட்டார்கள். நாளைக்கு உங்களில் யாராவது அங்கே ஒரு கோட்டை வரையலாம். மயாமியில் சிரித்தவர்கள் சொன்னதில் எது வலி, எது மருந்து என்று பிரிக்கிற வேலை உங்கள் மேஜைக்கே வரலாம்.

அந்தக் காரைப் பற்றி என் கருத்து என்ன என்று மதியச் சாப்பாட்டில் நண்பன் ஒருவன் கேட்டான். பானெட் எனக்குப் பிடித்திருக்கிறது. முகம் பிடிக்கவில்லை. ஆனால் நான் இன்னும் அதிகத் தடவை பார்க்கவில்லை. அதனால் தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கம்ப்யூட்டரில் அழகாக வரைகிறீர்கள். எங்கள் டிராயிங் ஹாலில் நாங்கள் பென்சிலோடு பட்ட பாடு உங்களுக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரைந்ததை வாட்ச்மேனிடம் காட்டுங்கள், மெஸ் அண்ணனிடம் காட்டுங்கள், உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். "எப்படி மாத்தலாம்?" என்று கேட்காதீர்கள். "எங்க இடிக்குது?" என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைக்கிற இடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எப்படித் திருத்துவது என்பது உங்கள் பொறுப்பு. அதற்குத்தான் நாலு வருஷம் படிக்கிறீர்கள்.

அந்த டிரைவரை நான் மறுபடி பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பஸ் முதலாளியைப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "தம்பி, நீங்க திருத்திக் குடுத்த வண்டி பன்னெண்டு வருஷம் ஓடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கூலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்று விட்டதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லியிருக்கிறேன்.