முருகைக்கல் சொல்லும் மழைக் கணக்கு
(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரட்டுக்களத்தில் ஓர் அம்மா கேட்டார்: "கடல் எங்கேயோ கிடக்கு, நம்ம மலைக்கு அதோட என்னங்க ஐயா சம்பந்தம்?"

1992ஆம் வருட வரட்சியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொழுந்து கருகியது, வேலைநாள் குறைந்தது, பீலியடியில் வாளியோடு காத்துக் கிடந்தோம். முந்தின வருடம் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 18 கோடிக்கு இறங்கியது. அப்போது பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ. அதாவது, நடுப்பசிபிக்கும் தென்னமெரிக்கப் பக்கமும் வழக்கத்தைவிடச் சூடாவது. அது வந்தால் இங்கே அநேகமாக ஐப்பசி, கார்த்திகை மழை கூடும். தை பிறந்த பிறகு மழை குறையும்.

நமது இந்து சமுத்திரத்திலும் ஓர் ஆட்டம் உண்டு. சுமாத்ரா பக்கம் தண்ணீர் குளிரும், ஆபிரிக்கா பக்கம் சூடாகும். இருமுனை என்று இதற்குப் பெயர் வைத்ததே 1999இல்தான். இதுவும் நமது ஐப்பசி மழையைக் கூட்டும். 1997இல் இரண்டும் சேர்ந்தே வந்தன. 2019இலோ பெரிய எல் நினோ இல்லாமலே இருமுனை பலமாக வந்தது. அப்படியானால் இரண்டுக்கும் உறவு இருக்கா, இல்லையா?

கருவி வைத்து அளந்த கணக்கு இதற்குப் போதாது. அதனால் சுமாத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளில் முருகைக்கல்லைத் துளைத்து எடுத்தார்கள். மரத்தை அறுத்தால் வளையம் தெரியுதே, அதுபோல முருகைக்கல்லும் வருடத்துக்கு ஒரு பட்டையாக வளரும். கடல் குளிர்ந்ததா, மழை பெய்ததா என்பது அந்தச் சுண்ணாம்பில் பதிந்திருக்கும். செத்த முருகைக்கல்லுக்கும் வயது கணிக்கலாமாம். எங்களுக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை!

2020இல் முடிவு வெளிவந்தது. பல நூறு வருடமாக இரண்டு கடலின் ஆட்டமும் சேர்ந்தே கூடி, சேர்ந்தே குறைந்திருக்கிறது. ஏதாவது ஒரு வருடம் தனியாக வந்தாலும் உறவு விட்டுப்போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில், தொழிற்சாலைப் புகை இல்லாத காலத்திலேயே, 1997ஐவிட 27 முதல் 42 சதவீதம் பெரிய இருமுனை ஒன்று வந்திருக்கிறது. பலமான இருமுனை 1960க்கு முன்பு அபூர்வம், பிறகு அடிக்கடி.

ஆகவே ரேடியோவில் எல் நினோ என்று சொன்னால், இருமுனை எப்படி என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் முதலில் மண்மேட்டைப் பார்க்க வேண்டும், பிறகுதான் தண்ணீர்ப் பஞ்சம். ஐப்பசிக்கு முன்பே கான் வெட்டித் துப்புரவாக்குவோம். லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு கண்டவர்கள், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் லயத்து நம்பரைப் பதிந்துவிட்டுப் போங்கள். நாளைக்கே துரையிடம் கொண்டுபோகிறோம்.